சோலையப்பன் செட்டியார் உபயம்

என் மகள் விசாலம் சோம்பேறி இல்லை. அழுக்குப் பிடித்தவளும் இல்லை. வேண்டுமென்றே எதையும் செய்தவள் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் ஒரு வருஷ காலம், கோலாலம்பூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊரான கிள்ளானில், ஆளாளுக்கு இதில் ஏதோ ஒன்றைத்தான் அவளைப் பற்றிச் சொன்னார்கள். சொன்னவர்கள் எல்லாம் படித்தவர்கள், பிள்ளை பெற்றவர்கள், வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிறவர்கள்.

எண்பத்து நாலாம் வருஷம் அது. விசாலத்துக்கு ஒன்பது வயது. தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் ஆண்டு. கணக்கு என்றால் சாப்பாட்டை மறந்துவிடுவாள். பள்ளி விட்டு வந்து வாசலில் சப்பாத்தைக் கழற்றும்போதே அன்றைக்குப் போட்ட கணக்கை எனக்குச் சொல்ல ஆரம்பிப்பாள். அப்படிப்பட்டவள் கொஞ்ச நாளாக வாய் திறக்காமல் நேரே அறைக்குள் போய்க்கொண்டிருந்தாள். ஒரு நாள் துணி மடித்து வைக்கும்போது அலமாரிக்குப் பின்னாலிருந்து நாற்றம் வந்தது. கையை விட்டு இழுத்தேன். அவளுடைய உள்ளாடைகள், பந்து பந்தாகச் சுருட்டிச் செருகியிருந்தாள். எல்லாவற்றிலும் மலக் கறை.

கூப்பிட்டுக் கேட்டேன். "எனக்குத் தெரியல ஆத்தா. தானா வந்திருது" என்றாள். ராத்திரியில் படுக்கையும் நனைய ஆரம்பித்திருந்தது. அதற்கும் அதே பதில்தான்.

எங்கள் வீடு கூட்டுக் குடும்பம். என் கணவர் முத்துக்கருப்பனும் அவருடைய அண்ணன் சோலையப்பன் செட்டியாரும் கிள்ளானில் இரும்புக் கடை வைத்திருந்தார்கள். கடையில் இரண்டு பேருக்கும் பங்கு உண்டு. வீட்டில் பேச்சுப் பங்கு மட்டும் மூத்தவருக்கு. அவர்தான் பள்ளியின் வாரியத் தலைவர். வாரியத் தலைவர் வீட்டுப் பிள்ளை தமிழ்ப்பள்ளியில்தான் படிக்க வேண்டும் என்று விசாலத்தை அங்கே சேர்த்ததும் அவர்தான். அந்தச் சமயம் அவருடைய மூத்த மகளுக்குக் காரைக்குடிப் பக்கம் மாப்பிள்ளை பார்த்துப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. அவர் மனைவி அதற்காக ஊருக்குப் போயிருந்தார்.

விஷயம் காதில் விழுந்ததும் மூத்தவர் கேட்ட முதல் கேள்வி, "வெளிய யாருக்குத் தெரியும்?" என்பது. பிள்ளைக்கு வலிக்கிறதா என்று கேட்கவில்லை. என்ன சாப்பிட்டாள் என்று கேட்கவில்லை.

எங்கள் தெருவிலேயே இரண்டு டாக்டர்கள் இருந்தார்கள். அங்கே போகக்கூடாது என்று உத்தரவாயிற்று. பிரிக்பீல்ட்ஸ் பக்கமும் போகக்கூடாது. அங்கே நம் ஜனம் அதிகம். ஆகவே சாலாக் செலாத்தானில் ஒரு சீன டாக்டரிடம் போனோம். அடுத்த தடவை சுங்கை வே. அதற்கடுத்த தடவை செமினி வரைக்கும் கார் போயிற்று. ஒரே டாக்டரிடம் இரண்டு முறை போனால் முகம் பழகிவிடும், பேச்சு வளரும் என்பது மூத்தவரின் யோசனை. ஒவ்வொரு தடவையும் காரில் ஏறும்போது என் கணவர் தன் அண்ணன் சொன்னதை எனக்கு ஒப்பித்தார். "அசிங்கத்தையெல்லாம் அப்படியே எடுத்துச் சொல்ல வேண்டாம். வயிறு போகுதுன்னு சொல்லு, போதும்."

சொன்னேன். வயிறு போகிறது என்றால் டாக்டர் என்ன செய்வார்? நிறுத்துவதற்கு மருந்து கொடுப்பார். மூன்று டாக்டரும் கொடுத்தார்கள். முதல் தடவையாக வருகிற பிள்ளைக்கு முதல் தடவையாகக் கொடுக்கிற மருந்தை, வேறு வேறு நிறத்தில். வீட்டிலும் எங்கள் பங்குக்குச் செய்தோம். கீரை கிடையாது, பழம் கிடையாது, தண்ணீர் அளவாக. காலையில் அரோரூட் கஞ்சி, சாயங்காலம் மாதுளந்தோல் கஷாயம். பிள்ளை முகம் சுருங்கியது, வயிறு மட்டும் உப்பியது. கறை நிற்கவே இல்லை.

பள்ளியில் ரமணி டீச்சர் அவளைக் கடைசி வரிசையில் கதவோரம் தனியாக உட்கார வைத்தார். காற்று வெளியே போகுமாம். பிள்ளைகள் அவளுக்குப் பட்டப்பெயர் வைத்தார்கள். அது என்னவென்று விசாலம் எனக்குச் சொல்லவில்லை. பக்கத்து வீட்டுப் பெண் சொன்னாள். நான் இங்கே எழுத மாட்டேன்.

பிறகு தலைமையாசிரியர் ராதாகிருஷ்ணன் கூப்பிட்டு அனுப்பினார். நல்ல மனிதர்தான். மின்விசிறியை என் பக்கம் திருப்பிவைத்துவிட்டு, மிகப் பணிவாக என் தலையில் கல்லைப் போட்டார்.

"ஆச்சி, தப்பா நெனைக்காதீங்க. மத்த பேரண்ட்ஸ் கம்ப்ளெய்ன் பண்றாங்க லா. வாரியத் தலைவர் வீட்டுப் பிள்ளைன்னு நானும் பாத்துப் பாத்துப் போறேன். இந்த வருஷம் முடியட்டும். அடுத்த வருஷமும் இப்படியேன்னா வேற ஸ்கூல் பாத்துக்குங்க. ஸ்பெஷல் ஸ்கூல் ஏதாச்சும்."

"கணக்குல நூத்துக்கு நூறு வாங்குற பிள்ளைக்கு எதுக்கு சார் ஸ்பெஷல் ஸ்கூல்?"

"கணக்கப் பத்தி யாரும் கம்ப்ளெய்ன் பண்ணல ஆச்சி."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் யார் மேல் கோபப்படுவது என்று அப்போது தெரியவில்லை.

தெரிந்தது நவம்பர் மாதம். விசாலத்துக்கு வயிற்று வலி வந்து சுருண்டு படுத்துவிட்டாள். வாந்தி வேறு. மூத்தவர் கடையில் இருந்தார். அவரைக் கேட்க வேண்டும் என்று என் கணவர் டெலிபோன் பக்கம் போனார். நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கார்ப் பக்கம் போனேன். அன்றைக்கு வண்டி கோலாலம்பூர் பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் போயிற்று.

அங்கே குழந்தைகள் பிரிவில் டாக்டர் மார்க்கிரட் என்று ஒரு அம்மா. யாழ்ப்பாணத்துக் குடும்பம், பிரிக்பீல்ட்ஸில் பிறந்து வளர்ந்தவர். பேச்சில் யாழ்ப்பாண வாடை போகவில்லை. நான் வழக்கம்போல வயிறு போகிறது என்று ஆரம்பித்தேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"வயித்தாலை போகுதோ, இல்லாட்டி ஜட்டியில படுதோ? ரெண்டும் ஒண்டில்லை. எனக்கு நடக்கிறதை நடக்கிறபடி சொல்லுங்கோ."

ஒரு வருஷமாக யாரும் கேட்காத கேள்வி. நடக்கிறதை நடக்கிறபடி சொன்னேன். எவ்வளவு, எப்போது, கெட்டியாக எப்போது போனாள், படுக்கை நனைவது எப்போது ஆரம்பித்தது, தண்ணீர் எவ்வளவு குடிக்கிறாள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். முகத்தைச் சுளிக்கவில்லை. கெட்டியாக எப்போது போனாள் என்பதற்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை. கறையைப் பார்த்துக்கொண்டிருந்தேனே தவிர அதை நான் கவனிக்கவே இல்லை. பிறகு விசாலத்தைப் படுக்க வைத்து வயிற்றை அழுத்திப் பார்த்தார். என் கையைப் பிடித்து அவளுடைய அடிவயிற்றில் இடப் பக்கம் வைத்தார். உள்ளே உருண்டையாக, கல் மாதிரி தட்டுப்பட்டது. ஏதோ கட்டி என்று நினைத்தேன்.

"பயப்பிடாதேங்கோ. அது கட்டியில்லை, மலம். கன நாளா இறுகிப்போய் அடைச்சு நிக்குது. புதுசா வாறது அதைச் சுத்தி ஒழுகி வெளியில படுது. லோங்காங் வாய்க்கால் அடைச்சால் தண்ணி பக்கத்தால வழியிறேல்லையோ, அப்பிடி. நீங்கள் அதைப் பேதி எண்டு சொல்லி இன்னும் இறுக்கிறதுக்கு மருந்து குடுத்திருக்கிறீங்கள்."

"அவளுக்குத் தெரியாமலே வருதுங்கிறா டாக்டர்."

"தெரியாதுதான். குடல் இழுபட்டுப் போச்சு, உணர்ச்சி கெட்டுப் போச்சு. பிள்ளை பொய் சொல்லேல்லை. அந்தப் பாரம் மூத்திரப்பையையும் அமத்துது. அதாலதான் படுக்கையும் நனையுது."

எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை. கோபம். இந்தப் பிள்ளையைக் கதவோரம் உட்கார வைத்தார்களே, வேண்டுமென்றே செய்கிறாள் என்றார்களே, பட்டப்பெயர் வைத்தார்களே. உணராத ஒன்றுக்கு ஒன்பது வயதுப் பிள்ளை எப்படிப் பொறுப்பாவாள்? செமினி வரைக்கும் கார் ஓட்டத் தெரிந்த குடும்பத்துக்கு ஒரு டாக்டரிடம் உண்மையைச் சொல்லத் தெரியவில்லையே.

டாக்டர் மார்க்கிரட் அதற்குள் நாற்காலியை இழுத்துக் கட்டிலருகே போட்டு விசாலத்திடம் கேட்டார். "பள்ளிக்கூடத்தில கக்கூசுக்கு எங்க போவீங்கள்?"

விசாலம் என்னைப் பார்த்தாள். "சொல்லு" என்றேன்.

"போக மாட்டேன்."

"ஏன்?"

"கதவு இல்ல டாக்டர். மூணு இருக்கு, மூணுலயும் கதவு இல்ல. பக்கத்துல பசங்க பந்து வெளையாடுவாங்க. ஒண்ணுக்குப் போறதுன்னா யாராச்சும் ரெயின்கோட்ட விரிச்சுப் புடிப்பாங்க. ரெண்டுக்குன்னா யாரும் புடிக்க மாட்டாங்க."

"அப்ப?"

"அடக்கிக்குவேன். வீட்டுக்கு வந்தா வராது."

ஒரு வருஷத்துக் கஷாயம், மூன்று ஊர் மருந்து, எல்லாவற்றுக்கும் காரணம் இரண்டே வார்த்தை. கதவு இல்லை. அதை ஒரு நாளும் அவள் எங்களிடம் சொல்லவில்லை. நாங்கள் ஒரு நாளும் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரியில் வைத்துக் குடலைச் சுத்தம் செய்தார்கள். குழாய் வைத்து மருந்து ஏற்றும்போது விசாலம் என் வளையலைப் பிடித்துக்கொண்ட பிடியில் ஒன்று உடைந்தது. சத்தம் போடவில்லை. எல்லாம் முடிந்து படுத்திருக்கும்போது, "இனிமே இங்க வர வேண்டாம் ஆத்தா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் மார்க்கிரட் என்னை உட்கார வைத்துப் பேசினார். மருந்துத் தண்ணீர் மாசக் கணக்கில் குடிக்க வேண்டும். சரியாகிவிட்டது என்று நடுவில் நிறுத்தக் கூடாது. சாப்பிட்டதும் தினம் கொஞ்ச நேரம் கக்கூஸில் உட்கார வேண்டும், கால் தொங்காமல் கீழே ஒரு பலகை வைக்க வேண்டும். கறை பட்டால் திட்டக் கூடாது. கடைசியில் குரலைக் கொஞ்சம் அழுத்தினார். "பள்ளிக்கூடத்தில வந்தால் அந்த நிமிஷமே போக வேணும். அடக்கினால் திரும்பவும் அடைக்கும். திரும்பவும் இஞ்சதான் வருவீங்கள். டீச்சருக்குச் சொல்லுங்கோ. இதில ஒளிக்க என்ன இருக்கு?"

ஒளிக்க என்ன இருக்கிறது என்று மூத்தவரிடம் யாராவது கேட்டிருக்க வேண்டும். நடந்ததைச் சொன்னபோது அவர், "அப்ப சரியாப் போச்சுல்ல. மருந்தக் குடுங்க. ஸ்கூல்ல ஒண்ணும் சொல்ல வேண்டாம்" என்றார். என் கணவர் தலையாட்டினார். அவர் தலையாட்டுவதில் கெட்டிக்காரர்.

பள்ளி விடுமுறை முழுக்க விசாலம் நன்றாக இருந்தாள். கறை நின்றது. படுக்கை காய்ந்தது. வயிறு இறங்கியது. டிசம்பரில் கன்னத்தில் சதை போட்டு, பழையபடி வாசலில் நின்று கணக்குச் சொன்னாள். ஜனவரியில் பள்ளி திறந்தது. இரண்டு வாரத்தில் அலமாரிக்குப் பின்னால் மறுபடியும் ஒரு பந்து.

நான் எடுத்ததைப் பார்த்துவிட்டாள். என்னிடம் வந்து நின்று, "நான் ஸ்கூலுக்குப் போகல ஆத்தா. வீட்டுலயே கணக்குப் போட்டுக்கறேன்" என்றாள்.

அன்றைக்கு முடிவு செய்தேன். என் பிள்ளை மறுபடி அந்தக் குழாய்க்குப் போகமாட்டாள். அந்தப் பள்ளியை விட்டும் போகமாட்டாள்.

மறுநாள் யாரிடமும் சொல்லாமல் பள்ளிக்குப் போனேன். முன்பக்கம் புதிதாக மேடை கட்டிக்கொண்டிருந்தார்கள். அதன் நெற்றியில் சலவைக்கல் பதித்து, முழுப்பெயரையும் அப்பா பெயரையும் சேர்த்துப் பொன் எழுத்தில் எங்கள் மூத்தவர். மின்விசிறிகளில் இறக்கைக்கு இறக்கை உபயம் எழுதியிருந்தது. சுவர்க் கடிகாரத்தில் ஒரு குடும்பத்தின் பெயர் முள்ளுக்கே இடமில்லாதபடி நிறைந்திருந்தது. பின்பக்கம் போனேன். கேன்டீனுக்கு அப்பால், லோங்காங் ஓரம், பெண் பிள்ளைகளின் கக்கூஸ். மூன்று தடுப்பு. கீல் இருந்த இடத்தில் துருப்பிடித்த ஆணி. எதிரே விளையாட்டு மைதானம். அங்கே மட்டும் யாருடைய பெயரும் இல்லை.

தலைமையாசிரியரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டர் சொன்னதை மறைக்காமல் சொன்னேன். கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"கதவுக்கு ரொம்ப நாளா கேட்டுக்கிட்டுதான் இருக்கேன் ஆச்சி. ஃபேன் குடுங்கன்னா குடுக்கறாங்க, கப்போர்ட் குடுக்கறாங்க. டாய்லெட்டுன்னா யாரும் வாயத் தொறக்க மாட்டேங்கறாங்க. அதுல பேரு போட முடியாதுல்ல."

"டீச்சர்ஸ் டாய்லெட்ல கதவு இருக்கே. அந்தச் சாவிய எம்பொண்ணுக்குக் குடுங்க."

"ஒருத்திக்குக் குடுத்தா எல்லாப் பிள்ளையும் கேக்கும் ஆச்சி."

"கேட்டா என்ன சார்? எல்லாப் பிள்ளைக்கும் வயிறு இருக்குல்ல?"

வாரியம் முடிவு செய்ய வேண்டும் என்றார். வாரியம் என்றால் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையின் தலைமாட்டில் உட்காருகிறவர். அன்று சாப்பிடும்போதே கேட்டேன்.

"பெரியவுககிட்ட ஒண்ணு கேக்கணும். பொம்பளப் பிள்ளைக கக்கூசுக்குக் கதவு போட்டுக் குடுக்கணும். நம்ம கடையிலயே பலகையும் கீலும் கெடக்கு."

மூத்தவர் மோர்ச்சாதத்திலிருந்து நிமிர்ந்தார். "கக்கூசுல எம்பேரப் போடச் சொல்றியா?"

"பேரு போடாமக் குடுங்க."

"பேரு போடாம எதுக்குக் குடுக்கணும்?"

இதை அவர் கிண்டலாகச் சொல்லவில்லை. நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார். நாங்களே தனியாகப் போட்டுக் கொடுக்கிறோம் என்று என் கணவர் முணுமுணுத்தார். அவர் வாழ்நாளில் அண்ணனுக்கு எதிரே பேசிய முதல் வாக்கியம் அது. "திடீர்னு கக்கூசு மேல என்ன அக்கறைன்னு ஊரு கேக்கும். வீட்ல கல்யாணப் பேச்சு நடக்குது. நெனப்பிருக்கட்டும்" என்றார் மூத்தவர். கை கழுவ எழுந்தார். பேச்சு முடிந்தது.

எனக்கு அது முடிந்துவிடவில்லை. மறுநாள் ஓய்வு மணி அடிக்கும் நேரத்துக்கு ஒரு பத்தேக் சாரோங்கை, பூப்போட்ட கைலித் துணியை, மடித்து எடுத்துக்கொண்டு பள்ளிக்குப் போனேன். நடுத் தடுப்பின் வாசலில் சாரோங்கை அகல விரித்துப் பிடித்துக்கொண்டு மைதானத்தைப் பார்த்து நின்றேன். "போ" என்றேன். விசாலம் போனாள். அவசரப்படாமல் இருந்துவிட்டு வந்தாள். தினமும் போனேன். முதல் வாரம் என் மகள் மட்டும். பிறகு ஒரு சின்னப் பெண் வந்து, "ஆன்டி, எனக்கும் கொஞ்ச நேரம் புடிக்கிறீங்களா?" என்றாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. அப்புறம் வரிசை. ஆறாம் ஆண்டுப் பெண்கள்கூட வந்தார்கள். பெரிய பெண்கள், மாதவிலக்கு ஆரம்பித்த பெண்கள். அந்த நாட்களில் இவர்கள் என்ன செய்தார்கள் என்று கேட்டேன். ஸ்கூலுக்கு வர மாட்டோம் ஆன்டி என்றார்கள். எனக்குக் கை வலித்தது, அதைவிட வயிறு எரிந்தது. என் பிள்ளையை மட்டும் ஏதோ நோய் பிடித்தவள் என்று தனியாக உட்கார வைத்தார்கள். பார்த்தால் பள்ளிக்கூடமே அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

சாரோங் சமாசாரம் மூத்தவர் காதுக்குப் போகாமல் இருக்குமா? போயிற்று. அடுத்த நாள் பள்ளி வாசலில் காவலுக்கு இருந்த ஜாகா என்னை நிறுத்தினார். பள்ளி நேரத்தில் பெற்றோர் உள்ளே வரக்கூடாது, வாரியம் புதிதாகச் சட்டம் போட்டிருக்கிறதாம். கதவு போட முடியாத வாரியம் ஒரே ராத்திரியில் வாசலை மூடிவிட்டது. கம்பிக்கு அந்தப் பக்கம் விசாலம் நின்றுகொண்டிருந்தாள். என் கையிலிருந்த சாரோங்கைப் பார்த்தாள். திரும்பி வகுப்புக்குப் போனாள்.

மேடைத் திறப்பு விழா அந்த வாரக் கடைசியில் வந்தது. மூத்தவருக்குப் பொன்னாடை, மாலை, நாதஸ்வரம் எல்லாம் ஏற்பாடு. அவர் மனைவி இன்னும் காரைக்குடியிலேயே இருந்ததால் குத்துவிளக்கு ஏற்ற வீட்டுப் பெண் என்று ஒருத்தி வேண்டும். நான்தான் இருந்தேன். கோபத்தை ஓரமாக வைத்துவிட்டுப் பட்டுச் சேலை கட்டிக்கொண்டு வரச் சொன்னார்கள். கட்டிக்கொண்டு போனேன். கோபத்தை எங்கேயும் வைக்கவில்லை.

மண்டபம் நிறைந்திருந்தது. முன் வரிசையில் வர்த்தகச் சங்கத்துக்காரர்கள், கோயில் தலைவர்கள். பின்னால் தாய்மார்கள். பக்கவாட்டில் தரையில் பிள்ளைகள், வெள்ளையும் நீலமுமாக. தலைமையாசிரியர் மூத்தவரைப் புகழ்ந்து பேசி முடித்தார். நான் விளக்கு ஏற்றினேன். "வாரியத் தலைவர் குடும்பத்தின் சார்பில் ஆச்சி இரண்டு வார்த்தை வாழ்த்திப் பேசுவார்கள்" என்று மரியாதைக்குச் சொல்லி ஒலிவாங்கியை என் முன்னால் நீட்டினார். வணக்கம் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவேன் என்று நினைத்திருப்பார்.

"எல்லாருக்கும் வணக்கம்" என்றேன். "எங்க பெரியவுக இந்த மேடையக் கட்டிக் குடுத்திருக்காக. இன்னொண்ணும் செய்றதா இருக்காக. அத அவுக வாயால சொல்ல மாட்டாக, அவ்வளவு அடக்கம். அதனால நான் சொல்றேன். இந்தப் பள்ளிக்கூடத்துப் பொம்பளப் பிள்ளைக கக்கூசுல கதவு இல்ல. காலைல வந்த பிள்ளைக மத்தியானம் வரைக்கும் அடக்கிக்கிட்டு உக்காந்திருக்கு. அதனால வயிறு கெட்டு ஆஸ்பத்திரி வரைக்கும் போகுது. தாய்மாருங்க வீட்டுக்குப் போயி உங்க பொண்ணுங்களக் கேட்டுப் பாருங்க. எங்க பெரியவுக கேள்விப்பட்டு மனசு பொறுக்கல. மூணு கக்கூசையும் புதுசாக் கட்டி, கதவு போட்டு, தாழ்ப்பாள் போட்டு, தண்ணிக் குழாயும் வச்சுக் குடுக்கறாக. ஒவ்வொரு கதவுலயும் அவுக பேரையே போடச் சொல்லிட்டாக."

விசாலத்தின் பெயரை நான் சொல்லவில்லை. அது அவளுடைய விஷயம்.

வர்த்தகச் சங்கத்துக்காரர் ஒருவர் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார். முதலில் கை தட்டியது தரையில் உட்கார்ந்திருந்த ஆறாம் ஆண்டுப் பெண்கள். அப்புறம் எல்லாப் பெண் பிள்ளைகளும். அப்புறம் தாய்மார்கள். ஒரு அம்மா கை தட்டாமல் தன் மகளையே பார்த்துக்கொண்டிருந்தார். மூத்தவர் மாலையும் பொன்னாடையுமாக எழுந்து நின்றார். இல்லை என்று எப்படிச் சொல்வார்? கை கூப்பினார். ராதாகிருஷ்ணன் ஒலிவாங்கியைப் பிடுங்காத குறையாக வாங்கி, "வாரியத் தலைவரின் இரண்டாவது அறிவிப்புக்குப் பள்ளியின் சார்பில் நன்றி. திங்கட்கிழமையே வேலை ஆரம்பமாகும்" என்று முடித்துவிட்டார். நல்ல மனிதர் என்று நான் சொன்னதை அன்றைக்குத்தான் நிரூபித்தார்.

காரில் ஏறியதும் மூத்தவர் வெடித்தார். "எங்க அப்பச்சி பேரயும் சேத்துக் கக்கூசுல கொண்டு போயி வச்சிட்டியே."

என் கணவர்தான் வண்டி ஓட்டினார். கண்ணாடியில் என்னைப் பார்த்தார். பிறகு சாலையைப் பார்த்துக்கொண்டே, "அவ வைக்கல அண்ணே. நீங்கதான் கை கூப்புனீக" என்றார். காரைக்குடிச் சம்பந்தம் அந்த வருஷமே நல்லபடியாக முடிந்தது. மாப்பிள்ளை வீட்டார் கக்கூஸைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கதவுகள் வந்து சேர்ந்த அன்று பெற்றோர் உள்ளே வரலாம் என்று சட்டம் மறுபடி மாறியிருந்தது. ஓய்வு நேரத்தில் போனேன். பச்சைக் கதவு, பித்தளைத் தாழ்ப்பாள், மேலே வெள்ளை எழுத்தில் பெயர். வரிசை வேகமாக நகர்ந்தது. மணி அடித்தது. பிள்ளைகள் வகுப்புக்கு ஓடினார்கள். விசாலத்தை மட்டும் காணவில்லை. அவளைத் தேடிக்கொண்டு ரமணி டீச்சர் வந்தார், கதவோரம் உட்கார வைத்த அதே ரமணி டீச்சர். நடுக் கதவு மட்டும் சாத்தியிருப்பதைப் பார்த்து, விரலால் தட்டினார்.

"யாரு உள்ள? மணி அடிச்சாச்சு."

மறுபடியும் தட்டினார். உள்ளேயிருந்து என் மகளின் குரல், கணக்குப் போடும்போது யாராவது குறுக்கே பேசினால் வருமே, அந்த எரிச்சலோடு வந்தது.

"ஆள் இருக்கு."

டீச்சர் கையை எடுத்துக்கொண்டார். நாங்கள் இரண்டு பேரும் வெளியே நின்று காத்திருந்தோம்.